நீலச்சட்டைக்காரி

ஈப்போவில் வேன் புறப்பட்டதிலிருந்து புவனேந்திரனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பாகான் டத்தோ கடலோரம் சுற்றிப் பார்க்க வந்தவர்களில், கடலைப் பார்க்காதவன் அவன் ஒருவன்தான்.

“போட்டோ எல்லாம் பில்டர், நேர்லதான் பொண்ணு பார்ப்பேன்” என்று வீறாப்பாகச் சொல்லித் தொலைத்திருந்தான். “அப்ப சனிக்கிழமை அந்த டூர் வேன்ல ஏறு. பொண்ணு அதுல இருப்பா” என்று அம்மா முடித்துவிட்டாள்.

வந்திருந்த பயணிகளில் இளவயதுப் பெண் என்றால் முன்சீட்டு நீலச்சட்டைக்காரி மட்டும்தான்.

தென்னந்தோப்போரம் வேன் நின்றது. காட்டுத்தீப் புகைமூட்டத்துக்குப் பயந்து தொப்பியும் முகக்கவசமுமாக மைக் பிடித்திருந்த கைடிடம் ஓடினான்.

“அக்கா, அந்த நீலச்சட்டைகிட்ட எப்படிப் பேச்சை ஆரம்பிக்கிறது? பயமா இருக்குலா!”

“இந்தாங்க, புளிப்பா ஒரு ஆசாம்போய் மிட்டாய் வாயில போடுங்க. ஏன் இவ்ளோ பயம்?”

“மூணு பொண்ணுங்க வேணாம்னுட்டாங்க அக்கா. இதுவும் போனா அம்மா தாங்கமாட்டாங்க. அம்மா என்ன, நானே தாங்கமாட்டேன்.”

கைடு சிரிக்கவில்லை. “இப்படியே உள்ளதைச் சொல்லுங்க, போதும்.”

தைரியம் வந்து, நீலச்சட்டைக்காரியிடம் இளநீரை நீட்டினான். “தேங்க்ஸ் அண்ணே!” என்று வாங்கியவள், பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த கணவனை எழுப்பிக் கொடுத்தாள்.

புவனேந்திரன் பதறிப்போய் அம்மாவுக்குப் போன் அடித்தான்.

“வேன்ல பொண்ணே இல்லம்மா!”

“இல்லையா? இப்பதானடா அவகிட்டேருந்து மெசேஜ் வந்துச்சு. உன்னைப் பிடிச்சிருக்காம். ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டிருக்கா.”

“என்ன?”

“இனிமே அக்கான்னு கூப்பிடக் கூடாதாம்.”