மூவாயிரம் வெள்ளி காயாக்

“பன்னிரண்டு வருஷப் பழசு. புதுசே ரெண்டாயிரம் வெள்ளிதான். நீங்க மூவாயிரம் கேட்கிறீங்களே அண்ணே?” என்றார் தங்காக்கிலிருந்து லோரியோடு வந்திருந்த உபைத்.

மணியம் காயாக் என்ற அந்தத் துடுப்புப் படகின் அடிப்பாகத்தைத் தட்டிக் காட்டினார். “வெயில்ல கிடந்தாத்தான் பிளாஸ்டிக் வெடிக்கும். இது நிழல்லயே இருந்தது. இன்னும் பத்து வருஷம் தாங்கும்.”

“அறுநூறு தரேன்லா.”

“மூவாயிரம்.”

உபைத் வெறும் லோரியைத் திருப்பிக்கொண்டு போனார்.

மணியத்தின் மனைவி வாசுகிக்கு எரிச்சல் வந்தது. “இவரு ஏழாவது ஆளு. விக்க மனசில்லன்னா அந்த ஃபேஸ்புக் காயாக் குழுவுல எதுக்கு வாரா வாரம் விளம்பரம் போடுறீங்க?”

“வித்துட்டா விளம்பரத்த எடுக்கணும்ல.”

அன்றும் புதுப் படம் எடுத்துப் போட்டார். முன் இருக்கையில் வெளிறிப்போன முயல் ஸ்டிக்கர் நன்றாகத் தெரிந்தது.

சாயங்காலம், தெரியாத சிங்கப்பூர் நம்பரிலிருந்து வாட்ஸ்அப் வந்தது.

“இன்னும் இருக்கா?”

“இருக்கு,” என்று அனுப்பினார்.

வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது.

“அத விக்காதீங்கப்பா.”

‘இனி இந்த வீட்டுப் படி ஏறாதே’ என்று அவர் விரட்டிய, அந்த முயல் ஸ்டிக்கரை ஒட்டிய மகள் லோஷினியிடமிருந்து, மூன்று வருடத்தில் வந்த முதல் செய்தி.

மணியம் செல்பேசியை வாசுகியிடம் நீட்டினார்.

“நம்பரத்தான் மாத்திருக்கா. நாங்க சேர்ந்திருந்த காயாக் குழுவ விட்டுப் போகல,” என்றார்.