பதினோராவது பாட்டு

முதல் வெட்டு ஸ்பீக்கர் மேல் விழுந்தது. இரண்டாவது வெட்டு ஜாய்சனின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மேசையில் இறங்கியது. அரிவாள் பலகையில் குத்திட்டு நின்றது.

“மூணாவது விரல்லதாம்லே விழும்” என்றார் செந்தில்முருகன்.

தூத்துக்குடி திரேஸ்புரத்தில் ஐஸ் பேக்டரிக்கு மேலே, மதிய வெயிலில் வேகும் சின்ன அறை. கதவை அவருடைய ஆள் மாரிராஜ் தன் முதுகால் அடைத்திருந்தான். ஜாய்சனின் மூக்கிலிருந்து வடிந்த ரத்தம் கீபோர்டில் சொட்டிக்கொண்டிருந்தது.

“என்ன தப்பு பண்ணுனேன்னு சொல்லிட்டு அடிங்க அண்ணாச்சி.”

“லிஸ்டு போட்டேல்லா? அதுல எம் பேரு எங்கலே?”

போலீஸ் லிஸ்ட் அல்ல. அதில் அவர் பெயருக்குப் பல வருடமாகவே நிரந்தர இடம் உண்டு. இது ஜாய்சன் தன் யூடியூப் சேனலில் டிசம்பர்தோறும் அறிவிக்கும் ‘முத்துநகர் டாப் டென்’. உள்ளூர்க்காரர்கள் சொந்தமாகப் போட்டு வெளியிட்ட பாட்டுகளில் ஆண்டின் சிறந்த பத்து.

“ஒரு ஊர் எதைக் கேட்கிறதோ, அதுதான் அந்த ஊரின் மனசாட்சி” என்று தாடியைத் தடவியபடி ஜாய்சன் முன்னுரை வேறு பேசியிருந்தான். மனசாட்சியின் கணக்குப்படி ஏழு பாட்டு காதல் தோல்வி, இரண்டு பாட்டு குடி. முதலிடம் ‘சால்னா சலோமி’க்கு.

செந்தில்முருகன் தன் லாரி ஷெட்டிலேயே நாற்பது அடியாட்களை வெள்ளைச் சட்டையில் நடக்கவிட்டு எடுத்த ‘ஹார்பர் ராசா’வைக் காணோம்.

“பதினொண்ணாவது வந்துச்சு அண்ணாச்சி. ஒரே ஒரு எடத்துலதான் போச்சு.”

மாரிராஜ் வந்து ஜாய்சனின் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து மேசையில் மோதினான். பல் ஒன்று மவுஸ் பேடில் போய் விழுந்தது.

“சால்னாவுக்கு இருக்குத மரியாத எனக்கு இல்லையாலே?” என்றார் செந்தில்முருகன். “ எங்க ஷெட்டுல எதுத்துப் பேசுனானே நல்லக்கண்ணு, இப்ப எங்கன இருக்கான்? ஆடியில பைக்க எடுத்துக்கிட்டு கேரளாவுக்கு ஓடிட்டான்னு ஸ்டேஷன்லயே எழுதி வச்சிருக்காங்க. உன்னையும் கேரளாவுக்கு அனுப்பட்டுமா?”

நல்லக்கண்ணு போன கேரளாவில் பஸ் எதுவும் நிற்காது என்பது ஜாய்சனுக்குத் தெரியும். அவசரமாகக் கமெண்டுகளைத் திறந்தான்.

“அண்ணாச்சி, ஒங்களுக்கு ஒரு ரசிகை இருக்காங்க. ஐப்பசியில பாட்டு வந்த நாள்ல இருந்து தெனமும் பாக்குதாங்க. தெனமும் ஒரே கமெண்டு.”

செல்வலட்சுமி என்ற பெயர். ‘2:14’. மறுநாள் ‘2:14’. அதற்கு மறுநாளும் ‘2:14’. ஒவ்வொன்றின் பக்கத்திலும் கூப்பிய கை.

“என்னலே இது, பஸ் டைமா?”

“பாட்டுல ரெண்டு நிமிஷம் பதினாலாவது செகண்டு அண்ணாச்சி. அந்த எடத்த அவங்களால விட முடியல.”

ஓட்டிப் பார்த்தார்கள். செந்தில்முருகன் அரிவாளைத் தோளில் சாய்த்துக்கொண்டு மீசையை முறுக்கும் இடம் அது. ஒரு காலைப் பழைய பைக் ஒன்றின் மீது வைத்திருந்தார். நேட்டிவிட்டிக்கு ஏதாவது வேண்டும் என்று டைரக்டர் கேட்டதால், ஷெட் மூலையில் சாக்குப் போட்டு மூடிக்கிடந்ததை மாரிராஜ் தள்ளிக்கொண்டு வந்திருந்தான். மஞ்சள் பூப்போட்ட சேலைத்துணியில் சீட்டு உறை. அசிங்கமாக இருக்கிறது, கழற்று என்று செந்தில்முருகன் அன்றைக்கே சொன்னார். டைரக்டர்தான் விடவில்லை.

இப்போது அவர் பார்த்தது மீசையை மட்டும். அதற்காக ஒரு பெண்பிள்ளை தினமும் கை கூப்புகிறாள். மூன்று கொலை வழக்குகளில் கலங்காத கண் கலங்கியது.

“லைவ் போடுலே. அந்தப் புள்ளையப் பேசச் சொல்லு. எது மொதப் பாட்டுன்னு ஊரே கேக்கட்டும்.”

ஜாய்சன் நம்பரைக் கொடுத்துப் பதில் எழுதினான். மாரிராஜ் மேசையில் இருந்த ரத்தத்தைத் துடைத்துவிட்டு, ஜாய்சனின் மூக்கையும் வாயையும் மறைக்க ஒரு மாஸ்க்கை மாட்டிவிட்டான். அண்ணாச்சி மீசைக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு, பாட்டில் நின்ற அதே தோரணையில் அரிவாளோடு கேமரா முன் உட்கார்ந்தார். பாட்டு லிஸ்டுக்கு வராத கூட்டமெல்லாம் அரிவாளைப் பார்க்க வந்தது.

கால் மணி நேரத்தில் போன் அடித்தது. ஜாய்சன் அதை ஸ்பீக்கரில் போட்டு மைக் பக்கத்தில் வைத்தான்.

“சொல்லுங்க யக்கா” என்று குழைந்தார் செந்தில்முருகன். “அந்த ரெண்டு பதினாலுல அப்படி என்னத்தக் கண்டீங்க? மீசையா, அருவாளா?”

மறுமுனையில் ஒரு பெண்ணின் குரல்.

“இது லைவுதானா தம்பி?”

“ஆமாக்கா.”

“எத்தன பேரு பாக்காங்க?”

ஜாய்சன் மாஸ்க்குக்குள்ளிருந்து முனகினான். செந்தில்முருகன் அதை நெஞ்சு நிமிர்த்திச் சொன்னார். “ஒம்பதாயிரம் பேருக்கா.”

“அந்த எடத்துல படத்த நிறுத்தி, எல்லாருக்கும் தெரியுத மாதிரி காட்டச் சொல்லுங்க.”

“காட்டுலே” என்று அதட்டினார்.

மீசையும் அரிவாளும் வண்டியும் ஒன்பதாயிரம் திரைகளில் அசையாமல் நின்றன.

“அந்த சீட்டு உறை, எங்க வீட்டுக்காரருக்கு நான் தச்சுக் குடுத்தது.”