சட்டையின் நிறம்

கண்ணை மூடச் சொன்னார்கள். தலெந்தா மூடிக்கொண்டாள்.

துறைமுக நகரமான ஸ்ஃபாக்ஸின் ஆட்களுக்கு வேலைப் பைத்தியம் என்று நாடே கேலி செய்யும். அவர்களைக் கொஞ்சம் மெதுவாக்க, தலெந்தா வேலை பார்க்கும் காப்பீட்டு அலுவலகம் தலைநகர் துனிஸிலிருந்து ரீம் என்ற பயிற்சியாளரை வரவழைத்திருந்தது.

ஜூலையில் அலுவலகம் மதியத்தோடு முடிந்துவிடும். மன அழுத்தம் குறைக்கும் பயிற்சியை அதற்குப் பிறகு வைத்திருந்தார்கள். வேலை நேரத்தில் வேலை இருந்தது.

வீட்டிலோ வெளியிலோ அவசரத்தில் தவறவிட்ட ஒரு நொடியை எடுத்துக்கொள்ளுங்கள், அதை மனத்துக்குள் மெதுவாக ஓட்டிப் பாருங்கள் என்றாள் ரீம்.

கல்யாணத்தை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார் பக்கத்து நாற்காலி எழுத்தர் ஸி ஹெதி. அது விபத்து, அதற்கு மாடியில் தனிப் பிரிவு இருக்கிறது என்றாள் பின்வரிசை நஜ்லா.

தலெந்தா சிரிக்கவில்லை. எந்த நொடி என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. மகன் கைஸ் அன்றைக்கு என்ன நிறச் சட்டை போட்டிருந்தான் என்று தெரிய வேண்டும். ஒரு வாரமாக அதைத்தான் தேடுகிறாள்.

போன வெள்ளிக்கிழமை. சமையலறை.

அடுப்பில் வெங்காயம். மேசையடியில் சின்னவள் மலேக், முடியில் சூயிங்கம் ஒட்டிக்கொண்டு அழுகிறாள். காதில் தொலைபேசி, காபெஸ் ஊர் வாடிக்கையாளர். ஆடு முட்டிக் கார்க் கண்ணாடி உடைந்ததாம். ஆட்டுக்கும் கொம்பில் அடியாம், அதற்கும் இழப்பீடு உண்டா என்கிறார்.

அலுவலகம்தான் மதியத்தோடு முடியும். தொலைபேசி முடியாது.

மெதுவாக ஓட்டினாள்.

வெங்காயம் துண்டு துண்டாகச் சிவந்தது. ஆட்டுக்காரர் எழுத்துக்கூட்டிப் பேசினார். முதுகுக்குப் பின்னால் திரை விலகும் சத்தம். சோப்பு வாசனை, குளித்திருக்கிறான். பட்டம் வாங்கி வீட்டில் சும்மா இருக்கும் பிள்ளை, இந்த நேரத்தில் எதற்குக் குளியல்?

உச்சந்தலையில் ஒரு முத்தம். பிறகு இன்னொன்று. வழக்கத்தில் ஒன்றுதான்.

"மன்னிச்சிரும்மா."

ரொட்டி வாங்க மறந்துவிட்டான், அதற்குத்தான் என்று நினைத்தாள்.

"மன்னிச்சாச்சு, மன்னிச்சாச்சு. கதவைச் சாத்திட்டுப் போ, பூனை வந்துரும்."

தூரம் போகிறவன் வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் வாசலைத் தாண்டுவான். அந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம். அவளுக்கும் தெரியும். வெங்காயம் அடிப்பிடித்துக்கொண்டிருந்தது.

மறுபடி ஓட்டினாள். இன்னும் மெதுவாக. இந்தத் தடவை கரண்டியை வைத்துவிட வேண்டும், காபெஸையும் ஆட்டையும் கடலில் தள்ளிவிட்டு அவனைத் திரும்பிப் பார்த்துவிட வேண்டும்.

கழுத்தை நிஜமாகவே திருப்பினாள். நாற்காலி கிரீச்சிட்டது.

கண்ணைத் திறந்தால் ஸி ஹெதி. பயிற்சியில் முழுத் தேர்ச்சி பெற்று, குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

ரீம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நல்ல பெண்தான். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டாள். மகன் வந்தான், முத்தம் கொடுத்தான், சட்டை மட்டும் தெரியவில்லை என்றாள் தலெந்தா. சொல்லிவிட்டு, இன்னொரு தடவை ஓட்டலாமா என்றும் கேட்டாள்.

"நிறத்துல என்ன இருக்கு மேடம்? அந்த முத்தம் இருக்குல்ல, அதை எடுத்துக்குங்க."

தலெந்தா தலையாட்டினாள். வாடிக்கையாளரிடம் பேசும் அதே குரலில் சொன்னாள்.

"துறைமுகத்துல கேக்குறாங்கம்மா. இத்தாலிக்குத் திருட்டுத்தனமா ஆள் ஏத்திட்டுப் போன படகு கவுந்துருச்சு, கரை ஒதுங்குனவங்களை சட்டையை வெச்சுத்தான் யாருன்னு பாக்க முடியுதாம். நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்லன்னாங்க."