இரண்டு நிமிட வீடு

"போதும், நிப்பாட்டும்! காலமை தொடக்கம் உந்த வீட்டுக்குள்ளயே சுத்திக்கொண்டிருக்கிறன்."

திருமதி இராசநாயகம் பேனையை மேசையில் போட்டார். ஆங்கிலப் பேச்சுச் சோதனை வைக்கக் கொழும்பிலிருந்து வந்தவர். தெஹியோவிட்ட ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அன்று கரண்ட் இல்லை. வகுப்பறை வெந்துகொண்டிருந்தது. பிளாஸ்கில் கொண்டுவந்த தேத்தண்ணியும் முடிந்து வெகுநேரமாயிற்று.

எதிரே நின்ற சரோன் வாயை மூடிக்கொண்டாள். 'உங்கள் வீட்டைப் பற்றி இரண்டு நிமிடம் பேசுக' என்பதுதான் கேள்வி. ஸ்பேஷியஸ் லிவிங் ரூமைத் தாண்டி, டைனிங் ரூமைத் தாண்டி, மாடிப்படி ஏறி கெஸ்ட் ரூம் வாசல் வரைக்கும் ஆங்கிலத்தில் ஒரு பிழையும் இல்லாமல்தான் வந்திருந்தாள்.

இதில் பாஸானால் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைக்கும். இல்லாவிட்டால் திங்கட்கிழமை பெயர் பதிந்து, விடியற்காலையில் வாளியைத் தூக்கிக்கொண்டு அப்பாவுக்குப் பின்னால் ரப்பர் பால் வெட்டப் போக வேண்டும்.

"நீர் ஆறாவது ஆள்," என்றார் திருமதி இராசநாயகம். "ஆறு பேருக்கும் அதே மேல்மாடி, அதே பல்கனி, அதே கெஸ்ட் ரூம். ஆறு பேரும் ஒரே வீட்டிலயோ இருக்கிறியள்?"

"இல்லீங்க மிஸ். தோட்டத்து லயத்துல இருக்கோம்."

"அப்ப லயத்தைப் பற்றிச் சொல்லுறதுக்கென்ன?"

"ஒரு காம்பரா, வாசல்ல ஒரு இஸ்தோப்பு, இஸ்தோப்புல அடுப்பு. அதச் சொன்னா அரை நிமிஷத்துல முடிஞ்சிருங்க மிஸ். ரெண்டு நிமிஷம் பேசணும்னுல்ல போட்டிருக்கு?"

சோதனை முடிந்து வெளியே நின்ற மற்ற ஐந்து பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"ஆரது, சத்தம் போடுறது?"

சிரிப்பு அடங்கியது. பால் வழியாமல் தப்பு வெட்டு வெட்டின மரத்தைக் கங்காணி பார்ப்பது போல, அவர் சரோனை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்தப் புத்தகத்தில பாடமாக்கினீங்கள்?"

"புத்தகமில்லீங்க. எங்க டீச்சர் சொல்லித்தந்தாங்க. அவங்களுக்குத் தெரிஞ்ச பெரிய வீடு அது ஒன்னுதான்."

"டீச்சரும் லயத்திலதானே இருக்கிறா?"

"ஆமாங்க, எங்களுக்கு மேல் லயம்."

"அப்ப அது கற்பனை வீடு."

"ஐயோ, இல்லீங்க மிஸ்! நெச வீடு!"

"சரி, சொல்லும் பாப்பம். மேல போக எத்தனை படி?"

"பதினேழு."

"ஜன்னல்?"

"கீழ பதினொன்னு, மேல பன்னெண்டு. ஆக இருபத்தி மூணு. ஏழு மணிக்குத் தொடங்கினா ஒம்பதரைக்கு முடியும்."

"என்ன முடியும்?"

"தொடைச்சு முடியும் மிஸ்."

திருமதி இராசநாயகம் தலையில் கை வைத்தார். "உங்களுக்கென்ன விசரோ? ஆர் வீட்டு ஜன்னலை எண்ணிக்கொண்டிருக்கினம்?"

"தொடைக்கிறவங்க எண்ணுவாங்கதானே. டீச்சர் பத்து வயசுல அங்க வேலைக்குப் போனாங்க. எண்பத்தஞ்சுல போய்த் தொண்ணூத்திரண்டுலதான் வந்தாங்க. 'கெஸ்ட் ரூமைக் கூட்டு, டைனிங் ரூமைத் தொடை'ன்னு ரூம் ரூமா பேர் சொல்லித்தான் வேலை ஏவுவாங்களாம். அப்பிடியே எல்லாப் பேரும் மனசுல நின்னுருச்சாம்."

"ஓ, அப்பிடியோ. வீட்டுக்காரர் எப்பிடிப்பட்ட ஆக்கள்?"

சரோன் கொஞ்சம் யோசித்தாள்.

"அது சோதனைக்கு வராதுன்னு டீச்சர் சொல்லித்தரல மிஸ்."

"நல்ல வாய் உமக்கு." அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கொழும்பில உப்பிடி ஆயிரம் வீடு இருக்கு. உப்பிடிக் கதையும் ஆயிரம் கேட்டிட்டன். உது நெச வீடெண்டால் அதுக்கொரு விலாசம் இருக்கும். சொல்லும். தெரியாட்டி ஆறு பேருக்கும் சைபர் போட்டிட்டு நான் வெளிக்கிடுவன். கார் வந்து நிக்குது."

வெளியே நின்ற ஐவரும் வாசலுக்கு நெருங்கி வந்தார்கள். உள்ளே நின்ற ஒருத்தியின் கையில் இப்போது ஆறு பேருடைய திங்கட்கிழமையும் இருந்தது.

'உங்கள் விலாசம் என்ன?' என்பதும் சோதனையில் வரும் என்று, டீச்சர் அதையும் பாடமாக்க வைத்திருந்தார். சரோன் முதுகை நிமிர்த்தி ஆங்கிலத்திலேயே சொன்னாள்:

"முப்பத்தெட்டு பை இரண்டு, மேசன் லேன், கொழும்பு ஆறு."

திருமதி இராசநாயகம் இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னாள். பேனையைத் தேடி எடுத்தார். மேலிருந்து கீழாக, ஆறு பெயருக்கும் நேரே சித்தி என்று எழுதினார். ஒரு தடவைகூடத் தலையை நிமிர்த்தவில்லை.

"பாஸா மிஸ்?" சரோனுக்கு நம்ப முடியவில்லை. "ஆறு பேருமா?"

"ஓம். போகலாம்."

வெளியே ஐவரும் கத்திக் குதித்த சத்தத்தில் பள்ளிக்கூடத்துக் காகங்கள் எழும்பிப் பறந்தன. சரோன் வாசலைத் தாண்டப் போகையில் பின்னாலிருந்து குரல் வந்தது. அதில் பழைய அதட்டல் இல்லை.

"பிள்ளை, உம்மட டீச்சருக்கு என்ன பேர்?"

"ஜீவராணிங்க மிஸ்."

ஏழு வருடம் தன் வீட்டில் வேலைக்கு நின்றவளைப் 'பெட்டை' என்றே கூப்பிட்டுவந்த திருமதி இராசநாயகம், அந்தப் பெயரை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டார்.