பெரியவர் சொன்ன நம்பர்

மெத்தைப் பட்டறையின் ஜன்னல் வழியே வெயில் சாய்வாக இறங்குகிறது. அதில் பஞ்சுத் துகள்கள் மிதக்கின்றன. கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி கணக்கர் மூச்சிரைக்க ஓடிவருகிறார். "வந்துடுச்சு! அந்த லோன் புரோக்கர் சுருட்டுன பணம் மொத்தமும் நம்ம பட்டறைக் கணக்குக்கே திரும்பி வந்துடுச்சு!" தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக நிற்கின்றன. இந்த வாரத்தோடு பூட்டுவதாக இருந்த பட்டறை இது. யாரோ ஒரு கைப்பிடிப் பஞ்சை மேலே வீச, மறுகணம் கூரை வரைக்கும் வெள்ளைவெளேரென்று பறக்கிறது. முதலாளியான பெரியவர் மட்டும் முதுகு வளையாமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவர் மீசையில் ஒரு துணுக்குப் பஞ்சு. "ஐயா, இனிமே எவனாவது போன்ல ரகசிய நம்பர் கேட்டா, உங்க செருப்பு நம்பரைச் சொல்லுங்க, போதும்!" என்கிறார் தையல்கார அக்கா. சிரிப்பில் தகரக் கூரை அதிர்கிறது. கடன் வாங்கித் தருகிறேன் என்றவனிடம் வங்கிக் கணக்கின் ரகசிய நம்பரைச் சொன்னது பெரியவர் இல்லை, அவருடைய மருமகள். தன் வீட்டுப் பெண்ணை நாலு பேர் ஏளனமாகப் பார்க்கக் கூடாதென்று அன்றைக்கே பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். துணி வெட்டும் மேசையருகே நிற்கும் மருமகள் கத்தரிக்கோலைக் கீழே வைக்கிறாள். "மாமா, இன்னைக்காவது உண்மையை நான்..." என்று வாயெடுக்கிறாள். பெரியவர் பலமாகத் தொண்டையைக் கனைக்கிறார். "எல்லாருக்கும் டீ வரவழைம்மா. இந்த விவரங்கெட்ட கிழவனுக்கும் சேர்த்து." மறுபடி சிரிப்பு வெடிக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மருமகளும் சிரித்துவிடுகிறாள். மீசைப் பஞ்சைத் தட்டிவிடாமலே பெரியவர் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருகிறார்.