ஏற்கெனவே உள்ளே

புது ஆன்லைன் விளையாட்டு வெளியான அன்றே ஊர் உலகமெல்லாம் அதற்குள் நுழைய முண்டியடித்ததில் சர்வர் மூச்சுத் திணறிக் கிடந்தது. காலையிலிருந்து லாகின் பட்டனை அழுத்தி அழுத்தி ரேணுகாவின் விரல் ஓய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் திரையில் புதிதாக ஒரு வரி வந்தது: 'நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள்.'

வெளியூரில் வேலை பார்க்கும் கணவன் பரிதிக்கு போன் போட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த விளையாட்டுக்குள்ளாவது சேர்ந்து நடக்கலாம் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள்.

"என்னைய உள்ள விடவே மாட்டேங்குது, பரிதி."

"சும்மா கதை விடாத. ஆத்தங்கரையில என் பக்கத்துலதான உக்காந்திருக்க? தலைக்கு மேல உன் பேரு தெரியுதே."

"நான் இன்னும் நுழையவே இல்லப்பா."

போனில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. ரேணுகாவுக்குப் பயம் வரவில்லை. எட்டிப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

"என்ன பண்றா?"

"கல்லு பொறுக்கித் தண்ணியில போடுறா. நான் எந்திரிச்சா அவளும் எந்திரிக்கிறா."

"முடி?"

"கழுத்தோட வெட்டியிருக்கா. வெட்டணும் வெட்டணும்னு சொல்லிட்டே இருப்பியே, அதே மாதிரி."

ரேணுகா தன் பின்னலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அதற்குள் திரை மாறியிருந்தது: 'உள்ளே இருப்பவரை வெளியேற்றிவிட்டு நுழைகிறீர்களா?' அவள் விரல் 'ஆம்' என்பதற்கு நேராகப் போய் நின்றது.

"வழி கெடச்சிருச்சு. வரவா?"

"கொஞ்சம் இரு," என்றான் பரிதி, பக்கத்தில் இருப்பவளுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல மெதுவாக. "ஏதோ சொல்ல வர்றா."