ஒரே சட்டி

என் கல்யாணத்துக்குப் பிறகு அப்பா இந்த வீட்டுக்கு நான்கு முறை வந்திருக்கிறார். நான்கு முறையும் எங்களுக்கெல்லாம் எவர்சில்வர் டம்ளரில் காபி; அவருக்கு மட்டும் பேப்பர் கப். கேட்டால், "கழுவுற வேலை மிச்சம் பாரு" என்பார் என் மாமியார். அதனால்தான் ஐந்தாவது முறை சீஸ் ஃபாண்டூ செய்தேன். மேசை நடுவில் சின்ன அடுப்பு, அதன்மேல் ஒரே சட்டியில் உருகிய சீஸ். ரொட்டித் துண்டை முள்கரண்டியில் குத்தி எல்லோரும் அதற்குள்தான் முக்கிச் சாப்பிட வேண்டும். அடிப்பிடிக்காமல் கிண்டிக் கிண்டி என் தோள்பட்டை கடுத்தது. "மொதல்ல நீங்க எடுங்கப்பா" என்றேன். அப்பா தயங்கினார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு துண்டை முக்கி வாயில் போட்டுக்கொண்டார். "எனக்குத் தனியா எடுத்து வச்சிரும்மா. எச்சில் ஒத்துக்காது" என்றார் மாமியார். "அதுக்கென்ன அத்தை" என்று ஒரு பேப்பர் கப் நிறைய ஊற்றி அவர் முன்னால் வைத்தேன். கப்பில் சீஸ் ஆறி இறுகியது. அவர் விட்ட முள்கரண்டி அதில் நட்டுவைத்ததுபோல் நின்றது. என் கணவனின் ரொட்டித் துண்டு இன்னும் சட்டிக்கு மேலே அந்தரத்தில் இருந்தது. நான் இன்னொரு பேப்பர் கப்பை உருவி, அவன் கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.